மறுகாலில் அடுக்கிய மூட்டைகள்: ஒரு குளம் உடைந்ததும், அதைத் தொடர்ந்து வந்த கோடையும்

எதைப் பற்றிய பதிவு

2023 டிசம்பர் 17 அன்று இரவு, தூத்துக்குடி மாவட்டத்தின் தென்பகுதியில், திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் இடைப்பட்ட ஒரு கிராமத்தின் குளம் உடைப்பெடுத்தது. உயிரிழப்பு இல்லை. ஐந்து மாதம் கழித்து, 2024 மே மாதத்தில், அதே ஊர் குடிதண்ணீர் லாரிக்காகக் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருந்தது. முதலாவது வெள்ள நிவாரணக் கோப்பிலும் இரண்டாவது கோடைக்காலக் குடிநீர்க் கோப்பிலும் பதிவாயின. இரண்டையும் சேர்த்துப் பார்த்த கோப்பு எதுவும் இல்லை. உடைப்புக்குப் பத்தாம் நாளிலிருந்து ஓராண்டுக்கும் மேலாக அந்த ஊருக்குப் போய்வந்து, கரையை நாடாவால் அளந்தும், ஆயக்கட்டு (குளத்துத் தண்ணீர் பாயும் நிலப்பரப்பு) விவசாயிகளோடும், தண்ணீரைத் திறந்து பங்கிட்டுவிடும் நீர்பாய்ச்சியோடும் உட்கார்ந்து பேசியும் நான் தொகுத்ததே இது. சம்பந்தப்பட்டவர்களின் விருப்பப்படி ஊரின் பெயரும் ஆட்களின் பெயரும் விடப்பட்டுள்ளன.

பின்னணி

தேரி எனப்படும் செம்மணல் மேடுகளும் பனையும் உள்ள பூமி அது. கடல் தொலைவில் இல்லை. ஆகவே நிலத்தடியில் நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கின்றன; மேலிருந்து நல்ல தண்ணீர் இறங்கும் வரை உப்பு விலகி நிற்கும், அது நின்றால் உப்பு உள்ளே ஏறும். குளத்தில் தண்ணீர் கிடக்கும் ஆண்டில் கரைக்குக் கீழுள்ள தோட்டக் கிணறுகள் இனிக்கும். குளம் வறண்ட ஆண்டில் அதே கிணற்றுத் தண்ணீரை வாழைக்கு விட்டால் இலை ஓரம் கருகும். இந்த ஊரில் குளம் என்பது நஞ்சைக்குப் பாயும் தண்ணீர் மட்டுமன்று, கிணற்றுக்குள் உப்பு ஏறாமல் காக்கும் காவலும் அதுதான் என்பதை மனத்தில் கொள்ளாமல் இனி வரும் முடிவுகளைப் புரிந்துகொள்ள இயலாது.

குளத்தின் நீர்ப்பரப்பு நிறைந்த நிலையில் ஏறக்குறைய 150 ஏக்கர். ஆயக்கட்டு 120 ஏக்கர். அதில் பெரும்பகுதி வாழை, கொஞ்சம் நெல். மேற்கே உள்ள குளம் நிறைந்து மறுகால் (குளத்தின் மிகுதித் தண்ணீர் வழிந்து வெளியேறும் இடம்) பாய்ந்தால் அந்தத் தண்ணீர் வரத்துக்கால் வழியாக இங்கே வரும். மணிமுத்தாறு அணைக் கால்வாய்த் தண்ணீர் இந்தப் பக்கத்துக்கு எட்டும் ஆண்டுகளும் உண்டு. அது எட்டினால் வரவு, எட்டாவிட்டால் மழைதான்.

2016ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 சதவீதம் குறைந்து, 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டதை இவ்வூர் மறக்கவில்லை. அந்தக் கோடையில் உப்பேறிய கிணறுகள் தெளிய மூன்று மழைக்காலம் ஆயிற்று என்று ஒரு பெண் விவசாயி சொன்னார். அவர் அவ்வாண்டு இரண்டு பசுக்களை விற்றவர். 2023இலும் எல் நினோ நிலவியது, கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, கால்வாய்த் தண்ணீர் வரும் என்று யாரும் நம்பவில்லை. ஆக, அந்த ஆண்டு ஊரார் மனத்தில் இருந்த அச்சம் வறட்சியைப் பற்றியது.

மூட்டை அடுக்கிய முடிவு

நவம்பர் கடைசியில் குளம் பெருகி மறுகால் தொட்டது. மறுகால் 60 அடி நீளம், கல்கட்டு. தண்ணீர் வழிந்து ஓடையில் இறங்கத் தொடங்கியதும் ஆயக்கட்டு விவசாயிகள் கூடிப் பேசி, மறுகால் தலையில் மணல் மூட்டைகளை ஒன்றரை அடி உயரத்துக்கு அடுக்கினார்கள். பருவம் முடியும் தறுவாயில் மறுகாலைச் சற்று உயர்த்தித் தண்ணீர் பிடிப்பது இப்பகுதிக் குளங்களில் பழைய வழக்கம்தான். பல குளங்களில் அதற்கென்றே கல்தூண்கள் நட்டு, இடையில் பலகை செருக வழி செய்திருக்கிறார்கள். இங்கே அந்தத் தூண்கள் எப்போதோ விழுந்துவிட்டன. பலகைக்குப் பதில் மூட்டை வந்தது.

இதைப் பேராசை என்று எழுதினால் அது அநியாயம். 150 ஏக்கர் பரப்பில் ஒன்றரை அடி என்பது ஏறக்குறைய 98 லட்சம் கன அடித் தண்ணீர். ஆவியாவதும் கசிவதும் போக, வாழைக்கு ஐந்தாறு தண்ணீர் கூடுதலாகப் பாய்ச்சலாம், கிணறுகளையும் சித்திரை வரை காப்பாற்றலாம் என்பது அவர்கள் போட்ட கணக்கு. கணக்கு சரியானது. தவறியது காலம். கார்த்திகை நடுவில், புயல் பருவம் இன்னும் முடியாத நிலையில், மறுகாலை அடைத்தார்கள்.

எழுபது வயதைத் தாண்டிய நீர்பாய்ச்சி ஒருவர் மட்டும் அன்று மறுத்துப் பேசியிருக்கிறார். "தை பிறக்கட்டும் அண்ணாச்சி, அதுக்கப்புறம் கெட்டுவோம்" என்று அவர் சொன்னதைக் கூட்டத்தில் இருந்த மூன்று பேர் என்னிடம் தனித்தனியே நினைவுகூர்ந்தார்கள். அதற்குக் கிடைத்த பதில், பெருமழை வந்தால் மூட்டையை எடுத்துவிடலாம் என்பது. யார் எடுப்பது, தண்ணீர் எந்த அளவைத் தொட்டால் எடுப்பது என்பது பேசப்படவில்லை.

டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை

முந்தைய நாளே கனமழை எச்சரிக்கை இருந்தது. ஆனால் 24 மணி நேரத்தில் 20.4 செ.மீ.க்கு மேல் பெய்வது எல்லாமே வானிலைத் துறையின் சொல்லில் அதிகனமழைதான், 21 செ.மீ.க்கும் 95 செ.மீ.க்கும் ஒரே சொல். மறுநாள் காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. பெய்திருந்தது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் சராசரியாகப் பெய்வதே ஏறக்குறைய 66 செ.மீ.தான். அப்படி ஒரு நாள் வரும் என்று கரையில் நின்ற யாரும் எண்ணியிருக்க முடியாது.

காலை 11 மணிக்குத் தண்ணீர் மூட்டைகளின் மேலாக அரை அடி வழிந்தது. நண்பகலில் நான்கு பேர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு மறுகாலில் இறங்கி மூட்டைகளை எடுக்க முயன்றார்கள். உரச்சாக்குகளில் மணல் நிரப்பி, கசியாமல் இருக்க இடையிடையே களிமண் அப்பியிருந்தார்கள். மூன்று வாரத்தில் அந்தக் களிமண்ணில் வண்டல் படிந்து, பாசி பிடித்து, அடுக்கு முழுவதும் ஒரே சுவராக இறுகிப் போயிருந்தது. சாக்கின் வாயைப் பிடித்து இழுத்தால் சாக்கு கிழிந்ததே தவிர மூட்டை நகரவில்லை. கடப்பாரையால் நெம்பி, ஏறக்குறைய பத்தடி நீளத்தைத் திறந்தபோது ஒருவர் கால் வழுக்கி ஓடைக்குள் இழுக்கப்பட்டார். கயிறுதான் அவரைக் காப்பாற்றியது. அத்தோடு அந்த வேலையை நிறுத்தினார்கள். சரியான முடிவு. ஆனால் 60 அடியில் 50 அடி அடைபட்டபடியே கிடந்தது.

அடுத்து, வயலுக்குத் தண்ணீர் விடும் மதகான மடையைத் திறப்பதா என்ற பேச்சு வந்தது. திறந்தால் தார் தள்ளிய வாழைத் தோட்டங்களுக்குள் தண்ணீர் பாயும். குளம் இறங்கும் அளவோ சொற்பம். இரண்டு மணி நேரம் வாதிட்டு, பிற்பகல் 3 மணிக்கு மடையைத் திறந்தார்கள். மாலை 4 மணிக்கு மேற்குக் குளத்தின் கரையும் தாங்காது என்ற செய்தி, நனைந்தபடி மோட்டார் சைக்கிளில் வந்த ஓர் இளைஞர் மூலம் எட்டியது. அதற்குப் பிறகு பாதை அறுந்தது. மின்சாரமும் செல்போன் சிக்னலும் போயின.

ஊருக்கு எதிர்ப்புறம், தரிசு நிலம் இருக்கும் வடகோடியில் கரையைத் தாமே வெட்டிவிடலாம் என்ற யோசனையும் எழுந்தது. வெட்டினால் அந்தத் தண்ணீர் அடுத்த ஊரை நோக்கிப் போகும். அனுமதி கேட்க எந்த அதிகாரியையும் தொடர்புகொள்ள இயலவில்லை; கேட்காமல் வெட்டினால் அது இரண்டு ஊருக்கும் இடையே தலைமுறைப் பகையாகும் என்று முதியவர்கள் தடுத்தார்கள். அந்தத் தயக்கத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

அன்று எடுத்த முடிவுகளில் உயிர்களைக் காத்தது அடுத்ததுதான். கரையைக் காக்க முடியாது என்று ஏற்றுக்கொண்டு, இருட்டுவதற்கு முன்பே பள்ளத் தெருவைக் காலி செய்வது என்று தீர்மானித்தார்கள். மகளிர் குழுவைச் சேர்ந்த பெண்கள் வீடு வீடாகப் போய், ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேர் என்று எண்ணி, மேட்டில் உள்ள பள்ளிக்கூடத்துக்கு அழைத்து வந்து, அங்கே வாசலில் நின்று மறுபடியும் எண்ணினார்கள். படுக்கையில் கிடந்த இரண்டு முதியவர்கள் கட்டிலோடு தூக்கிவரப்பட்டார்கள். ஆடுகளை விட்டு வரமாட்டேன் என்று நின்ற ஒருவரை, ஆடுகளையும் சேர்த்தே பள்ளிக்கூடத்துக்குள் ஏற்றினார்கள். இரவு 7 மணிக்குக் கணக்கு சரியாயிற்று.

9.30 மணிக்கு மேல், இடி போன்ற ஒரு சத்தம். டிராக்டர் ஏறி இறங்கி ஒரு அடி தாழ்ந்துபோன இடத்தில் தண்ணீர் கரை மேல் வழிந்து, மண்ணை அரித்து, உடைப்பெடுத்தது.

அடுத்த பத்து நாள்கள்

மூன்று நாள் ஊர் தீவாகக் கிடந்தது. அதே இரவில்தான் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஏறக்குறைய 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. மாவட்டம் முழுவதும் மீட்பு ஆட்கள் பரபரத்துக்கொண்டிருந்த நிலையில் இந்தச் சிற்றூருக்கு உதவி தாமதமானதில் வியப்பில்லை. பள்ளிக்கூடத்துச் சத்துணவு அரிசியைப் பொங்கிச் சாப்பிட்டார்கள்.

தண்ணீர் வடிந்தபின் நான் பார்த்தபோது உடைப்பின் அகலம் 70 அடி. அதற்கு நேர் கீழே இருந்த வாழைத் தோட்டங்களில் வாழை மட்டுமல்ல, மண்ணே இல்லை. அதற்கும் கீழே, இரண்டு அடி முதல் மூன்று அடி வரை மணல் மூடியிருந்தது. 19 வீடுகளின் சுவர் விழுந்திருந்தது. அந்த வீடுகளில் ஒன்றின் உட்சுவரில் வெள்ளம் நின்ற கோடு என் தோளுக்கு மேல் இருந்தது. ஆட்களை அப்புறப்படுத்தாமல் இருந்திருந்தால் இந்தப் பதிவு வேறு விதமாக இருந்திருக்கும்.

குளத்தில் சேறு மட்டும் மிஞ்சியது. ஓராண்டு மழை ஒரே நாளில் பெய்த ஊரில், பத்தாம் நாள் ஆடு குடிக்கத் தண்ணீர் இல்லை.

உடைப்பை அடைத்தது

உடைப்பை அடைக்கக் கோரி உரிய அலுவலகத்துக்கு மனு போயிற்று. மாவட்டத்தில் உடைந்த குளங்கள் பல என்பதால் மதிப்பீடு தயாரித்து வரிசைப்படிதான் செய்ய முடியும் என்ற பதில் வந்தது. நியாயமான பதிலாகவே இருக்கலாம். ஆனால் வடகிழக்குப் பருவத்தின் கடைசி மழைகள் வரிசைக்குக் காத்திருப்பதில்லை. எனவே ஜனவரி முதல் வாரத்தில் ஊராரே வரி போட்டு, ஒரு ஜேசிபியை வாடகைக்கு அமர்த்தி, உடைப்பைச் சுற்றி உள்வாட்டில் வளைவாக ஒரு தற்காலிகக் கரை கட்டினார்கள். முழு உயரத்துக்குக் கட்டப் பணமும் மண்ணும் இல்லை. நான்கு அடிக்கு மேல் தண்ணீர் நின்றால் தாங்காது என்று தெரிந்தே, அந்த அளவுக்கு மட்டும் கட்டினார்கள். பனந்தடிகளை ஊன்றி, இடையில் மூட்டைகளை அடுக்கினார்கள். அவற்றில் ஒரு பகுதி, மறுகாலிலிருந்து பெயர்த்தெடுத்த அதே மூட்டைகள்.

அம்மாதம் பெய்த மழையில் குளத்தில் மூன்று அடிக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் நின்றது. இந்த முடிவின் மதிப்பை நான் முதலில் குறைத்தே எண்ணினேன்; மூன்றடித் தண்ணீர் பங்குனியைத் தாண்டாது என்று அவர்களிடம் சொல்லவும் செய்தேன். கோடை வந்தபோது நான் சொன்னது பாதி மட்டுமே சரி என்று தெரிந்தது.

கோடை

மார்ச் இறுதியில் குளம் வறண்டது. ஆனால் கரையை ஒட்டிய கிணறுகளில் மே மாதம் வரை நல்ல தண்ணீர் ஊறியது. கரையிலிருந்து தள்ளி, கிழக்கே இருந்த கிணறுகள் ஏப்ரலிலேயே உப்பேறின. ஊராட்சியின் குடிநீர்க் கிணறு அந்தக் கிழக்குப் பக்கத்தில் இருந்ததால்தான் லாரியை எதிர்பார்க்க நேர்ந்தது. உடையாமல் தப்பிய பக்கத்து ஊர்க் குளத்தின் கீழ் அதே மே மாதத்தில் வாழை பச்சையாக நின்றதை இரு ஊரையும் இணைக்கும் சாலையில் நின்றே பார்க்கலாம். அந்தக் குளத்திலும் அதே மழைதான் பெய்தது. அங்கே மறுகாலில் மூட்டை இல்லை, கரையில் தாழ்வு இல்லை. மறுகால் ஓடையும் அகலம் குறையாமல் இருந்தது.

காரணம் பற்றிய என் மதிப்பீடு

மூட்டை இல்லாதிருந்தால் குளம் உடைந்திராது என்று நான் உறுதியாகச் சொல்லமாட்டேன். அந்த மழை எந்தக் குளத்தின் கட்டுமானக் கணக்கையும் மீறியது. எனினும், மூட்டைகள் என்ன செய்தன என்பதை அளந்து சொல்ல முடியும். மறுகால் தலையிலிருந்து கரையின் உச்சி நான்கு அடி உயரத்தில் இருந்தது. டிராக்டர் பாதையில் மட்டும் மூன்று அடி. மறுகாலின் மேல் வழியும் தண்ணீரின் உயரம் பாதியானால் வெளியேறும் அளவு பாதியாகக் குறைவதில்லை. முன்பிருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலான அளவே மிஞ்சும். தாழ்ந்த இடத்தில் தண்ணீர் வழியத் தொடங்கும் முன் மறுகாலுக்குக் கிடைத்திருக்க வேண்டிய மூன்று அடியில் ஒன்றரை அடியை மூட்டைகள் எடுத்துக்கொண்டன. பத்தடித் திறப்பால் அதில் கொஞ்சம் மீண்டது, அவ்வளவே.

மறுகாலுக்குக் கீழே ஓடை வேறு குறுகியிருந்தது. இரு கரையிலும் வாழை வைத்து ஓடையை நெருக்கியிருந்தார்கள். அதன் குறுக்கே போன சாலையின் பாலத்தில் மூன்று குழாய்கள் மட்டுமே இருந்தன. அவை சீமைக்கருவேல முட்களால் அடைபட்டு, தண்ணீர் எதிர்த்து நின்று மறுகாலையே மூழ்கடித்ததாக நேரில் பார்த்தவர்கள் சொன்னார்கள். கரையில் டிராக்டர் ஏறும் இடம் தாழ்ந்துகொண்டே வருவது நான்கு ஆண்டாக எல்லோருக்கும் தெரியும். இரண்டு லோடு மண்ணில் முடிந்திருக்கும் வேலை அது. அது யாருடைய பொறுப்பு என்பது தீராததால் நடக்கவில்லை. மூட்டையைவிட இந்த இரண்டு லோடு மண்தான் என்னை அதிகம் வருத்துகிறது.

மாற்றியவையும் மாறாதவையும்

2024 செப்டம்பரில் உடைப்பு நிரந்தரமாக அடைக்கப்பட்டது. அப்போதே டிராக்டர் பாதையைக் கரைக்கு வெளியே சாய்தளமாக மாற்றி, தாழ்வை நிரப்பினார்கள். மறுகாலின் பக்கச் சுவரில் அடிக்கணக்கு எழுதிய கல் ஒன்றைப் பதித்தார்கள். மூட்டை இனி இல்லை. அதற்குப் பதிலாக, மறுகாலில் இரும்புச் சட்டம் பொருத்தி, ஓரடிப் பலகைகளைச் செருக வழி செய்தார்கள்; ஒவ்வொரு பலகையிலும் வளையம் உண்டு, தண்ணீரில் இறங்காமல் கரையிலிருந்தே கொக்கியால் இழுத்தெடுக்கலாம். தை பிறக்கும் முன் பலகை போடுவதில்லை என்றும், போட்ட பின் கல்லில் அரை அடி வழிந்தால் யாரையும் கேட்காமல் நீர்பாய்ச்சியே எடுத்துவிடலாம் என்றும் எழுதி, ஆயக்கட்டு விவசாயிகள் கையெழுத்திட்டார்கள். அதிகாரம் ஒரே ஆளின் கையில் இருப்பதற்கு எதிர்ப்பும் வந்தது. 17ஆம் தேதி மடையைத் திறக்க இரண்டு மணி நேரம் வாதிட்டதை நினைவூட்டிய பிறகே அது அடங்கிற்று.

மேற்குக் குளத்து ஆட்களோடும் கீழுள்ள ஊர்க்காரர்களோடும் பேசி, கரையை வெட்டியே தீரவேண்டிய நிலை வந்தால் எந்த இடத்தில் வெட்டுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய முயன்றார்கள். இரண்டு கூட்டம் நடந்தது. முடிவு எட்டவில்லை. ஓடையை நெருக்கிய வாழைகளில் வடகரை விலகியது, தென்கரை விலகவில்லை. பாலத்தில் குழாய்களின் எண்ணிக்கை மூன்றாகவே இருக்கிறது. அகலப்படுத்தக் கோரிய மனுவுக்குப் பெற்றுக்கொண்டதாக ரசீது வந்தது.

2024 டிசம்பர் 12, 13 தேதிகளில் தாமிரபரணிப் பகுதியில் மீண்டும் பெருமழை பெய்தது. இந்தக் குளம் கல்லில் ஒன்றேகால் அடி அளவுக்கு மறுகால் பாய்ந்து, இரண்டு நாளில் தணிந்தது. பள்ளத் தெருவை அன்றும் காலி செய்தார்கள். பெண்கள் அதே போல இருமுறை எண்ணினார்கள். 2025 ஜனவரி மூன்றாம் வாரத்தில், வானம் வெளுத்த பின், நீர்பாய்ச்சி முதல் வரிசைப் பலகையைப் போட்டார். ஒரு பலகையை இழுத்தெடுத்துக் காட்டச் சொல்லி ஊரார் கேட்டார்கள். வளையத்தில் கொக்கியை மாட்டி இழுத்தார், வந்தது. மறுபடியும் செருகிவிட்டுக் கரையேறினார்.